தண்ணீர்ப் பந்தலும் வாங்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்தப்பெற்ற உரை)



நகரத்து வீதியிலே முன்பின் அறியாதார் ஒருவரோடொருவர் பழகுவதற்கு வழி என்ன என்பது பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி செயற்குழுவினர் எம்மைப் பணித்திருக்கின்றனர். இப்பொருளைக் கேட்டவுடன் எமக்குச் சிறிது தயக்கம் உண்டாயிற்று. எல்லாரோடும் அன்பாகப் பழகுங்கள் என்று மேடையில் நின்று சொல்வது எளிது. அதைக் கேட்டுத் தலையசைப்பதும் எளிது. ஆனால் இம்மண்டபத்தை விட்டுப் போய்ப் பஸ் தரிப்பிலே நிற்கும்போது, பக்கத்தில் நிற்பவரிடம் எதைச் சொல்லித் தொடங்குவது? காரணமில்லாமற் பேச்சுக் கொடுப்பவனைக் கண்டால் அவர் தமது கைப்பையை இறுகப் பிடித்துக்கொள்வார். அவர்மேற் பிழை சொல்ல முடியாது.

எங்கள் ஊர்களிலே "சாட்டு" என்றொரு சொல் வழங்குகிறது. ஒன்றைச் செய்வதற்கு வெளிக்குக் காட்டும் காரணம் அது. நல்ல மனம் மட்டும் இருந்தாற் போதாது, பேசுவதற்கு ஒரு சாட்டும் வேண்டும், அந்தச் சாட்டை வீதியிலே உண்டாக்கி வைப்பது எம்மைப் போன்ற சங்கங்களின் கடன் என்பதே நாம் இன்று சொல்ல வந்தது.

அப்பூதியடிகள் சரிதம் இச்சபையிலுள்ள சிறுவருக்கும் தெரிந்ததே. அரவு தீண்டிய மகனை அப்பர் பெருமான் எழுப்பிய பகுதியையே நாம் பெரும்பாலும் எடுத்துச் சொல்கிறோம். அதற்கு முன்னுள்ள பகுதியை விரைவாகக் கடந்துவிடுகிறோம். இருவரும் அதுவரை ஒருவரையொருவர் கண்டதில்லை. திங்களூர் வழியாக வந்த ஒரு வழிப்போக்கர் தண்ணீர்ப் பந்தல் ஒன்றை அடைந்தார். பந்தலிலே தமது பெயர் எழுதியிருக்கக் கண்டார். இப்பெயரை இங்கே இட்டவர் யார் என்று அங்கு நின்றோரைக் கேட்டார். அவ்வளவுதான், கதை தொடங்கிவிட்டது. நிழல் இருந்தது; நீர் இருந்தது; கேட்பதற்கு ஒரு கேள்வி இருந்தது; பதில் சொல்வதற்கு ஆட்கள் நின்றார்கள். இவற்றுள் ஒன்று குறைந்திருந்தாலும் அப்பர் சுவாமிகள் அவ்வூரைத் தாண்டிப் போயிருக்கக்கூடும். உமது பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதியது ஏன் என்று வந்தவர் கேட்டபோது அடிகளுக்குக் கோபம் வந்தது, நீர் யார் என்று கேட்டார் என்று சேக்கிழார் சொல்கிறார். அறியாதார் சந்திப்பு எப்போதும் இனிமையாகத் தொடங்குவதில்லை என்பதையும் இதனால் அறிந்துகொள்ளலாம்.

யாழ்ப்பாணத்து முன்னோரும் இந்த உண்மையை நன்கு அறிந்திருந்தனர். பருத்தித்துறையிலே தும்பளைக்குப் போகும் வீதியிலே தெருமூடி மடம் இருக்கிறது. பார்த்திராதவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். வீதியே அந்த மடத்தினூடாகச் செல்கிறது. இருபுறமும் கற்றூண்களோடு உயர்ந்த திண்ணைகள், நடுவே போக்குவரத்து, மேலே கூரை. களைத்து வருபவன் மடத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. அவன் போகிற வழியே மடம். அதுபோலவே சுமைதாங்கியும். தலைச்சுமையோடு நடப்பவர் இன்னொருவர் கையை எதிர்பாராமற் சுமையை இறக்கவும் மீளத் தூக்கவும் அது உதவும். பிள்ளையை வயிற்றில் சுமந்தபடி இறந்துபோன பெண்ணின் நினைவாக அதனைக் கட்டுவது வழக்கம். அருகிலே கிணறோ கேணியோ இருக்கும், மாடுகள் உடலை உரோஞ்ச ஆவுரோஞ்சிக்கல் இருக்கும், ஒரு நிழல் மரம் இருக்கும். சுமையை இறக்கி வைத்தவன் மூச்சு வாங்குவதற்குள், எந்த ஊர், எந்தச் சந்தைக்குப் போகிறாய் என்ற பேச்சு வந்துவிடும்.

இனிக் கொழும்புக்கு வருவோம். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தெஹிவளையிலும் தொடர்மாடிகள் எழுந்துள்ளன. நாம் வசிக்கும் மாடியிலே எமக்கு மேல்வீட்டில் இருந்தவரை ஆறு ஆண்டுகளாக மின்தூக்கியிலே கண்டு தலையசைத்து வந்தோம். அவருடைய பெயரும், அவர் மட்டக்களப்பிலே ஆசிரியராயிருந்து இளைப்பாறியவர் என்பதும் 2022ஆம் ஆண்டிலேதான் தெரியவந்தன. எரிபொருளும் சமையல் எரிவாயுவுமின்றி நாடு தவித்த காலம் அது. சிலிண்டரை முன்னே வைத்துக்கொண்டு மூன்று மணித்தியாலம் வரிசையில் நின்றோம். முதல் மணித்தியாலம் எவரும் வாய் திறக்கவில்லை. பிறகு முன்னே நின்ற சிங்களத் தாயார் ஒருவர் தமது சிலிண்டரைப் பார்த்துக்கொள்ளும்படி சைகை காட்டிவிட்டுப் போனார். திரும்பி வரும்போது எங்கள் எல்லாருக்கும் விசுக்கோத்துக் கொண்டுவந்தார். அந்த வரிசைக்கு நன்றி சொல்வதா என்று எமக்கு இன்றும் தெரியவில்லை. ஆயினும் சாட்டு என்பது அதுதான்.

எமது பிள்ளைகள் தமிழ் மொழிமூலம், சிங்கள மொழிமூலம் என்று வெவ்வேறு வகுப்புகளிலே படித்து வளர்கின்றனர். பள்ளிக்கூடத்திலே சந்திக்காதவர்கள் வீதியிலேதான் சந்திக்க வேண்டும். வீதியிலோ காதிலே கருவியை மாட்டிக் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு போகிறோம். மற்றவருக்குப் பேச விருப்பமில்லை என்று நாமாகவே முடிவு செய்துகொள்கிறோம். இம்முடிவு சரியானதா என்று அமெரிக்காவிலே சிக்காகோவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நிக்கலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்னும் இருவர் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அது. புகையிரதத்தில் வேலைக்குப் போவோரிற் சிலரைப் பக்கத்திலிருப்பவரோடு பேசும்படியும், சிலரைத் தனியே இருக்கும்படியும், சிலரை வழக்கம்போல் இருக்கும்படியும் கேட்டுக்கொண்டார்கள். பேசியவர்களே தமது பயணம் மிக இனிதாக இருந்ததென்றனர். பயணம் எவ்வாறிருக்கும் என்று முன்கூட்டி ஊகிக்கும்படி கேட்கப்பட்ட வேறு சிலரோ, பேசினாற் பயணம் கெடும் என்றனர். பக்கத்திலிருப்பவர் பேச விரும்பமாட்டார் என்ற எண்ணமே இத்தவறுக்கு ஒரு காரணமென அவ்விருவரும் கண்டனர். இரு பக்கத்தாரும் ஒரே காரணத்தால் வாய்மூடி இருக்கிறார்கள்!

இனி எமது சங்கத்தின் கதையைச் சொல்ல வேண்டும். அது பெருமைக்குரியதாகத் தொடங்கவில்லை.

மூன்றாண்டுகளுக்கு முன், ஆடிவேல் விழாவிலே தேர் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும் நாளில், காலி வீதி ஓரமாக நாம் தண்ணீர்ப் பந்தல் அமைத்தோம். இரண்டு கிடாரங்களிலே மோரும் சர்க்கரைத் தண்ணீரும். கயிறு கட்டி வரிசை ஒழுங்கு செய்தோம். கடதாசிக் குவளைகளை முன்கூட்டியே நிரப்பி மேசையிலே அடுக்கினோம். ஒரு பக்கத்தால் வந்து எடுத்து மறுபக்கத்தாற் போக வேண்டும், குவளையைப் போட அங்கே ஒரு தொட்டி. நான்கு மணித்தியாலத்தில் ஏறக்குறைய 3,000 குவளைகள் முடிந்தன. நெரிசல் இல்லை, குறை இல்லை. செயற்குழுக் கூட்டத்திலே பாராட்டுத் தீர்மானமும் நிறைவேறியது. அன்று பந்தலுக்கு வந்திருந்த முதிய தாயார் ஒருவரைச் சில நாள் கழித்துக் கோவிலடியிற் கண்டு, பந்தல் எப்படி அம்மா என்று கேட்டோம். பாராட்டை எதிர்பார்த்தே கேட்டோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். அவர் சொன்னார்: "தம்பி, தண்ணி தந்தியள், நல்ல காரியம். ஆனா ஒரு மூச்சு விட்டுக் குடிக்க விட்டியளே? ஆடு மாட்டுக்குத் தண்ணி காட்டிக் கலைக்கிற மாதிரியெல்லோ கலைச்சுப் போட்டியள்."

அந்த வார்த்தை எம்மை விட்டுப் போகவில்லை. 3,000 பேர் வந்தார்கள். ஒருவர் பெயரையாவது நாம் கேட்டோமா? அவர்களுள் இருவராவது தமக்குள் ஒரு சொற் பேசினார்களா? திங்களூர்ப் பந்தலை நாம் இப்படி நடத்தியிருந்தால், அப்பர் பெருமானும் குவளையைத் தொட்டியிலே போட்டுவிட்டு நடந்திருப்பார்.

நியூயோர்க்கிலே வில்லியம் வைற் என்னும் அறிஞர் 1970களில் நகரச் சதுக்கங்களைப் படமெடுத்து, மக்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து 1980ஆம் ஆண்டில் நூலாக எழுதினார். இருக்க இடமுள்ள இடத்திலேதான் மக்கள் இருக்கிறார்கள் என்பது அவருடைய முடிபுகளில் ஒன்று. கேட்கும்போது சிரிப்பு வரும். ஆயினும் வாங்கு ஒன்றும் போடாத எமது பந்தலை நினைத்தாற் சிரிப்பு அடங்கிவிடும். எழுந்து போய்த் தமக்கேற்ற இடத்தில் நகர்த்திப் போட்டுக்கொள்ளும் கதிரை இன்னும் நல்லது என்றார். போதைப்பொருள் விற்போர் நடமாட்டத்தால் மக்கள் அஞ்சி விலகியிருந்த பிறையன்ற் பூங்கா 1992ஆம் ஆண்டில் மீளத் திறக்கப்பட்டபோது, அவருடைய ஆலோசனைகளைத் தழுவி அத்தகைய கதிரைகளை அங்கே இட்டார்கள். இன்னொன்றும் அவர் கண்டார். அறியாத இருவருக்கு நடுவே மூன்றாவதாக ஒன்று இருக்க வேண்டும். ஒரு பாட்டுக்காரன், ஒரு சிலை, ஒரு வேடிக்கை. அதைப் பற்றி இருவரும் பேசத் தொடங்கிவிடுவர்.

சென்ற ஆண்டுப் பந்தலுக்கு நாம் மூன்று மாற்றங்களை முன்மொழிந்தோம். சங்க மண்டபத்து வாங்குகளை வீதியோரத்துக்குக் கொண்டுபோதல் முதலாவது. மோரோடு யாழ்ப்பாணத்து ஊறுகாய்த் தண்ணீரும் வைத்தல் இரண்டாவது. அது என்னவென்று எவரும் கேளாமல் இரார். கடதாசிக் குவளையை விட்டு எவர்சில்வர்ப் பேணிகளிலே கொடுத்தல் மூன்றாவது. பேணியைத் திருப்பித் தர வேண்டும். ஆதலாற் குடித்து முடியும்வரை ஒருவர் நிற்க வேண்டும். அந்த இரண்டு நிமிடமே எமக்கு வேண்டியது.

வாங்குக்கும் ஊறுகாய்க்கும் தடை வரவில்லை. பேணி என்றதும் செயற்குழுவிலே ஒரு பெரியவர், "ஒரே பேணியிலேயோ எல்லாருக்கும்?" என்றார். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. சுகாதாரம் பற்றிய கேள்வியாயின் கொதிநீரும் சவர்க்காரமும் அதற்கு விடையாகும். கேள்வி அது மாத்திரமன்று என்பதை அறையிலிருந்த எல்லாரும் அறிந்திருந்தோம்.

வாலிபர்களுக்காக இதைச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. மடங்களையும் கிணறுகளையும் பற்றி முன்னர் பெருமையாகப் பேசினோம். அவற்றுட் பல எல்லாருக்கும் உரியனவாயிருக்கவில்லை. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகள் பலவற்றில் ஒருசாராருக்கு உள்ளே இருக்க இடமில்லை. அவர்களுக்கென்று தனிக் குவளையோ போத்தலோ வைத்திருந்தார்கள். பொது இடங்களில் இத்தகைய தடைகளைக் குற்றமாக்கும் சட்டம் 1957ஆம் ஆண்டிலே வந்தது. அதன் பின்னும் 1960களின் பிற்பகுதியிலே கடைக்குள் இருந்து தேநீர் குடிப்பதற்கும் கோவிலுக்குள் சென்று கும்பிடுவதற்கும் போராட வேண்டியிருந்தது. 1968ஆம் ஆண்டிலே மாவிட்டபுரத்தில் நடந்தவற்றை இங்குள்ள முதியோர் மறந்திரார். நாம் மறைத்துப் பேசினால் இவ்விடயத்திலே எமக்குப் பேச உரிமை இல்லாது போகும்.

கோர்டன் ஓல்போட் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் 1954ஆம் ஆண்டில் எழுதிய நூலிலே, வெவ்வேறு கூட்டத்தார் சந்தித்தாற் பகை குறையுமா என்று ஆராய்ந்தார். வெறுமனே சந்திப்பதாற் குறையாது, சிலவேளை கூடவும் செய்யும் என்றார். இருசாராரும் சமநிலையில் நிற்க வேண்டும், பொதுவான நோக்கோடு ஒரு காரியத்திலே கூட வேண்டும், அதற்குப் பெரியோரதும் சட்டத்தினதும் ஆதரவு வேண்டும் என்றார். தேநீர்க் கடைக்கு வெளியே போத்தலில் குடித்தவரும் உள்ளே குவளையில் குடித்தவரும் நாள்தோறும் சந்தித்தவர்களே. அந்தச் சந்திப்பு ஒருவரையும் நண்பராக்கவில்லை. அப்பரோ வேளாண் குலத்தவர், அப்பூதியடிகளோ அந்தணர். அடிகள் அவர் காலில் விழுந்தார் என்பதை நாம் படிக்கும்போது, அக்காலத்துக்கு அது எத்தகைய செயல் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பேணி நிறைவேறியது. அப்பெரியவர் அன்று பந்தலுக்கு வரவில்லை. 100 பேணிகள் வாங்கப் பணம் மட்டும் கொடுத்தனுப்பினார். இச்சபையில் இருந்தால், இதனை எடுத்துச் சொன்னதற்காக எம்மைப் பொறுத்துக்கொள்வார்.

பந்தலன்று என்ன நடந்தது? முதல் அரைமணி நேரமும் வாங்குகளில் இருந்தவர்கள் எமது தொண்டர்களே. அவர்களை எழுப்புவது பெரும்பாடாயிற்று. ஒரு வாங்கிலே ஒருவர் நீட்டி நிமிர்ந்து உறங்கிவிட்டார். அவரை எழுப்ப எமக்கு மனம் வரவில்லை. பேணிகள் எட்டுத் திரும்பி வரவேயில்லை. கொடுத்த தொகை முன்னையதிற் பாதியும் இராது.

மூன்றாவது வாங்கிலே வயது முதிர்ந்த சிங்களப் பெரியவர் ஒருவர் வந்து இருந்தார். ஊறுகாய்த் தண்ணீரை ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். பிறகு சிரித்து, இது என்னவென்று தமது மொழியிலே கேட்டார். பேணி கொடுத்த எமது தம்பிக்குச் சிங்களம் வராது. பக்கத்துப் புடைவைக் கடையில் வேலை செய்யும் முஸ்லிம் இளைஞர் ஒருவர் பேணியோடு நின்றவர், இரு பக்கமும் மொழிபெயர்த்தார். பெரியவர் புகையிரதப் பகுதியிலே வேலை பார்த்தவராம். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியிலே பல ஆண்டுகள் காங்கேசன்துறைவரை போய் வந்தவராம். 1990இல் வடக்குக்கான ஓட்டம் நின்றதோடு அந்தப் பக்கம் போகவில்லை என்றார். நிலையத்தின் அருகே தாம் தங்கியிருந்த வீட்டு முற்றத்து வேப்பமரம், அங்கே ஒரு அம்மா தந்த ஒடியற் கூழ், கடற்காற்று, எல்லாவற்றையும் சொன்னார். 2015ஆம் ஆண்டிலிருந்து புகையிரதம் மறுபடியும் காங்கேசன்துறைவரை போகிறது, நீங்கள் போய்ப் பார்க்கலாமே என்று தம்பி சொன்னான். நீ போனாயா என்று அவர் கேட்டார். கொழும்பிலே பிறந்த எமது தம்பி காங்கேசன்துறையைக் கண்டதில்லை. அவனுடைய பேரனார் ஊர் அது. தன் ஊரைப் பற்றி அன்று ஒரு சிங்களப் பெரியவர் வாயாலே அவன் கேட்டான். தேர் வரும் ஓசை கேட்டதும் எல்லாரும் எழுந்தனர். அவர் பெயரைக் கேட்க அவன் மறந்துவிட்டான்.

இது ஒரு சிறு செயல், இதனால் நாட்டிலே என்ன ஆகும் என்று கேட்பவர் உண்டு. 1983ஆம் ஆண்டு ஆடி மாதத்திலே இதே வீதியில் என்ன நடந்தது என்பதை நாம் மறக்கவில்லை. அந்நாட்களில் எம்மவரைத் தம் வீட்டிலே மறைத்துக் காத்த சிங்களவர் பலர் அயலவர்கள், முன்னரே பேசிப் பழகியவர்கள். ஆயினும் ஒரு வாங்கு ஒரு கலவரத்தைத் தடுக்கும் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது பொய்.

காலிமுகத் திடலையும் ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1859ஆம் ஆண்டில் அங்கே நடைபாதையை அமைத்து முடித்து, கொழும்பு நகரத்துப் பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காக அதனைப் பேணும்படி தமக்குப் பின் வருவோரைக் கேட்டுக் கல்லிலே எழுதி வைத்தார். 2022ஆம் ஆண்டு சித்திரையிலே அத்திடலில் மக்கள் கூடாரமடித்துக் கூடினர். அதன் அரசியற் சரி பிழை எமது இன்றைய பொருளன்று. அங்கே ஒரு நூலகமும் சமையற்கூடமும் எழுந்தன. நோன்பு திறக்கையில் எல்லாரும் கூடி உண்டனர். மே மாதம் 18ஆந் திகதி முள்ளிவாய்க்காலில் மாண்டோருக்காக அங்கே கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள், அதைச் சிங்களப் பிள்ளைகளும் வாங்கிக் குடித்தார்கள். கஞ்சி ஏன் என்று கேட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கேள்விக்கு அதற்குமுன் கொழும்பிலே இடமிருக்கவில்லை. வெசாக் காலத் தன்சல்களிலே கொடியசைத்து வாகனங்களை மறித்து உணவு கொடுப்பதையும் பார்த்திருப்பீர்கள். அங்கே எம்மை இருத்தி உண்ண வைக்கிறார்கள். இவ்விடயத்தில் அவர்களிடம் நாம் கற்கலாம்.

வாலிபர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. இவ்வுரையைக் கேட்டுவிட்டு நாளைக் காலையிற் பஸ்ஸிலே பக்கத்திலிருக்கும் பெண்ணிடம் பேச்சுக் கொடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். எமது சகோதரிகள் பஸ்களிலே படும் தொல்லைகள் போதும். பேசாதிருக்க விரும்புவது எவருக்கும் உரிமை. வாங்கு போடுவது எம் வேலை. இருப்பதும் எழுவதும் வந்தவர் விருப்பம். சென்ற ஆண்டு மூன்று வாங்குகளிலும் ஆண்களே நிறைந்திருந்ததால் தாய்மார் பலர் நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்கள். அது எமது பிழை. இம்முறை மாதர் பகுதியினர் தாமே பார்த்து நடத்தும்படி இரண்டு வாங்குகளை அவர்களிடம் விட்டிருக்கிறோம்.

இவ்வாண்டுப் பந்தலுக்கு வாங்குகள் ஐந்து, பேணிகள் 92, ஊறுகாய் இரண்டு சாடி கைவசம் உள்ளன. சிங்களம் தெரிந்த தொண்டர்கள் மூவரே இருப்பதால், புடைவைக் கடை இளைஞரை முறையாக அழைத்திருக்கிறோம். கடை முதலாளியும் விடுமுறை கொடுக்க இசைந்திருக்கிறார். பேணி கழுவுவதற்கு 20 பேர் வேண்டும். பட்டியலில் இதுவரை 11 பெயர்களே உள்ளன. அவற்றுள்ளும் செயற்குழுப் பெரியோர் பெயர் ஒன்றுமில்லை. கூட்டம் முடிந்ததும் தாள் செயலாளரின் மேசையில் இருக்கும்.